விறகுக்கு எந்த இடம்: அடுக்களை மூலையா, பரணா, புறவாசல் சாய்ப்பா?

திருநெல்வேலிச் சீமையில் எரிவாயு உருளை நுழையாத வீடு இன்று அரிது என்றாலும், விறகு முற்றாக விலகிவிடவில்லை. மார்கழியில் குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், கோயில் கொடைக்கு வந்து கூடிய உறவுகளுக்குச் சோறு வடிக்கவும் புறவாசல் அடுப்பு இன்றும் எரிகிறது. புரட்டாசி கழிந்து மழை மிரட்டத் தொடங்கியதும், வெளியே கிடந்த விறகை அள்ளி வீட்டுக்குள் போட்டுவிடுவது வழக்கம். அந்த ஒரு நாள் வேலையில்தான் கரையானையும் உளுவையும் தேளையும் நம் கையாலேயே உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறோம். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டில் அடுக்களை மூலை, பரண், புறவாசல் சாய்ப்பு (பின்சுவரை ஒட்டி இறக்கிய சாய்கூரை) என மூன்று இடங்களிலும் விறகு அடுக்கிப் பார்த்தவன் என்ற முறையில், அவற்றை ஒன்றோடொன்று வைத்து எழுதுகிறேன்.

இடத்தை எடைபோடுவதற்கு முன், எவற்றுக்கு அஞ்சுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் 'பூச்சி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் மருந்தும் தவறிவிடும். கரையான் மண்ணிலிருந்து வருகிறது. வீட்டு மரத்தைத் தின்னும் நம் ஊர்க் கரையானுக்கு மண்ணோடு தொடர்பும் ஈரமும் அறுந்தால் பிழைப்பில்லை. ஆகவேதான் அது சுவர் மீது மண்குழாய் கட்டி, அந்த மறைவுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. உளு அப்படியன்று. அது முட்டையாகவோ புழுவாகவோ விறகுக்குள்ளேயே இருந்து, விறகோடு சேர்ந்து வாசற்படி தாண்டுகிறது. பிறகு ஒரு நாள் ஊசித் துளையிட்டு வண்டாக வெளியேறும்போது, கீழே கொட்டிக் கிடக்கும் மாவுதான் அதன் அடையாளம். தேளும் பூரானும் பாம்பும் மரத்தைத் தின்பவை அல்ல. இருட்டையும் இடுக்கையும் இரையையும் நாடி வருபவை. மண்ணிலிருந்து ஏறுவது, மரத்துக்குள்ளேயே வருவது, இடுக்கைத் தேடி வருவது என்ற இந்த மூன்றையும் ஒரே இடம் தடுத்துவிடுமா என்பதுதான் கேள்வி.

அடுக்களை மூலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைக்கு எட்டும், நனையாது என்ற இரண்டைத் தவிர அதற்குச் சாதகமாக எதுவும் இல்லை. தரையில் நேரடியாகக் கிடக்கும் அடிவரிசை விறகு, அருகிலிருக்கும் அங்கணத்தின் (பாத்திரம் கழுவும் இடத்தின்) ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். சிமெண்டுத் தரையில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் போதும், கரையானுக்கு அதுவே வாசல். சுவரோடு ஒட்டி அடுக்குவதால் மண்குழாய் ஏறுவதும் கண்ணில் படாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் அடுக்களைக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வெயிலில் போட்டவர்கள், மூலை விறகை மட்டும் 'எரிக்கப் போவதுதானே' என்று விட்டுவிட்டோம். தை பிறந்து அதைப் பிரித்தபோது, சுவருக்கும் விறகுக்கும் நடுவே பின்னிக் கிடந்த மண்குழாய்கள் அரிசிப் பெட்டி வைத்திருந்த பலகை வரை போயிருந்தன. பலகையின் மேற்பரப்பு அப்படியே இருந்தது. விரலால் அழுத்தியதும் காகிதம் போல உள்ளே போய்விட்டது.

பரணைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் அதன் மீது நம்மவர்களுக்கு உள்ள நம்பிக்கை பெரிது, அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. அடுப்புக்கு மேலே இரண்டு சட்டங்களை ஓட்டி, மூங்கில் பரப்பி, விறகையும் விதைநெல்லையும் மேலே வைத்த ஏற்பாட்டில் கரையானுக்கு இடமே இல்லை. மண் வெகு கீழே இருக்கிறது, ஈரம் அறவே இல்லை. ஆச்சி காலத்தில் அடுப்பு மூன்று வேளையும் எரிந்தது. வெக்கையும் புகையும் நாள் முழுவதும் மேலேறிக்கொண்டிருந்ததால் எலியும் பூரானும் அங்கே தங்க விரும்பவில்லை. மாசியில் ஏற்றிய பச்சை விறகு ஆடிக்குள் கணகணவென்று காய்ந்துவிடும்.

இன்று மாறியிருப்பது பரண் அன்று, அதன் கீழே இருக்கும் அடுப்பு. வாரத்தில் இரண்டு நாள் எரியும் அடுப்புக்கு மேலே உள்ள பரண், இருட்டும் குளிர்ச்சியும் கொண்ட ஒரு தட்டு மட்டுமே. புகை என்ற காவலாளி போன பிறகும் அங்கே காவல் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எலி முதலில் வருகிறது. எலியை மோப்பம் பிடித்துக்கொண்டு பாம்பு வருகிறது. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டு விறகை உருவுவது, இந்த நிலையில் செய்யத்தக்க காரியம் அன்று.

புகை உளுவைக் கொன்றுவிடும் என்ற எண்ணத்திலும் பாதிதான் உண்மை. ஏற்றுமதிப் பெட்டிகளுக்கான மரத்தைச் சூடாக்கித் தூய்மைப்படுத்தும் பன்னாட்டு விதி, மரத்தின் நடுப்பகுதியே 56 பாகை செல்சியஸை எட்டி 30 நிமிடம் அந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்கிறது. அடுப்பின் நேர்மேலே கிடக்கும் சுள்ளிக்கு அந்தச் சூடு கிடைக்கலாம். தொடை பருமனுள்ள புளியங்கட்டையின் நடுவுக்கு ஒருபோதும் கிடைக்காது. நன்றாகக் காய்ந்த மரத்துக்கு உளு வராது என்பதும் தவறான நம்பிக்கை. பட்டைக்கு அடியில் குடையும் பெரிய வண்டுகளுக்குத்தான் பச்சை மரம் வேண்டும்; அவை காய்ந்த கதவையோ கட்டிலையோ பெரும்பாலும் தொடுவதில்லை, ஆகவே அவை விறகிலிருந்து வெளியே வந்தாலும் வீட்டுக்குப் பெரிய கேடில்லை. மாவு கொட்டும் சிறிய உளு வண்டு வேறு வகை. அது காய்ந்த மரத்திலும் வாழும். வைரம் (மரத்தின் நடுவே உள்ள கடினப் பகுதி) பாயாத வெள்ளைப் பகுதியில் உள்ள மாச்சத்தே அதன் உணவு. பரணில் கிடந்த விறகிலிருந்து கிளம்பும் அந்த வண்டு, முட்டையிட இடம் தேடிச் செல்லும் முதல் பொருள், பரணைத் தாங்கி நிற்கும் மூங்கிலாகவே இருக்கக்கூடும்.

புறவாசல் சாய்ப்புக்கு வருவோம். வீட்டின் பின்சுவரிலிருந்து இறக்கிய ஓட்டுச் சாய்ப்போ தகரச் சாய்ப்போ, கண்டிப்பாகப் பார்த்தால் வீட்டுக்கு உள்ளும் அன்று, வெளியும் அன்று. அந்த நடுநிலைதான் அதன் பலம். ஆனால் சாய்ப்பில் வைத்தால் மட்டும் போதாது, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு கல் நட்டு, அவற்றின் மேல் இரண்டு இரும்புக் குழாயையோ பழைய கல்தூணையோ கிடத்தி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் விறகை அடுக்க வேண்டும். சுவருக்கும் விறகுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். கல் காலிலும் கரையான் மண்குழாய் கட்டி ஏறத்தான் செய்யும். ஆனால் நான்கு கால்களையும் வாரம் ஒரு முறை குனிந்து பார்க்கலாம், குழாய் தெரிந்தால் அன்றே விளக்குமாற்றால் தட்டிவிடலாம். மூலையில் அடைத்த விறகில் இந்தப் பார்வைக்கு வழியில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு. கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. எறும்புக்கு அது நல்லதுதான், ஆனால் தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் இப்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாய்ப்பின் திறந்த பக்கம் எந்தத் திசை என்பதும் முக்கியம். பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் பக்கங்களில் பெருமழை வடகிழக்கிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆனி, ஆடியில் வீசுவதோ ஈரமற்ற மேல்காற்று, பணகுடியில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று. ஆகவே அங்கெல்லாம் சாய்ப்பு மேற்கே திறந்திருந்தால் காற்று விறகை உலர்த்தும், மழைச்சாரலை வீட்டுச் சுவரே மறைத்துக்கொள்ளும். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது; அவர்களுக்கு மேல்காற்றே குற்றாலச் சாரலைச் சுமந்து வருவது.

சாய்ப்பின் குறை தேளும் விரியனும். வறண்ட கல்லாங்காட்டை ஒட்டிய வீடுகளில் சுருட்டை விரியன் விறகடியில் சுருண்டு கிடப்பது புதுமை அன்று. உயர்த்தி அடுக்குவதால் அடியில் வெளிச்சமும் காற்றும் புகுந்து அந்தத் தொல்லை குறையும், அற்றுப்போகாது. "ஏல, தட்டிட்டு எடு, உள்ள தேளு கெடக்கும்" என்று ஆச்சி சொல்லாத நாளில்லை. ஒவ்வொரு விறகையும் நுனியில் பிடித்து, கல்லில் இரண்டு முறை தட்டி, பிறகு கையிலெடுக்கும் அந்தப் பழக்கத்துக்கு இணையான பாதுகாப்பு வேறில்லை. இரவில் எடுக்க நேர்ந்தால், புறஊதா ஒளி தரும் சிறு டார்ச்சை அடித்துப் பார்க்கலாம். அந்த ஒளியில் தேளின் உடல் பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். கடிபட்டால் பச்சிலை தேடி நேரத்தைப் போக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் தரப்படுகிறது என்பதால், பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் உலர்த்த அதைவிட நல்ல இடம் கிடையாது. மழைக்காலத்தில் அதைவிட மோசமான இடமும் கிடையாது, தார்ப்பாய்க்குள் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். சாக்கில் கட்டி மச்சில் போடுவது கரப்பானுக்கும் எலிக்கும் வீடு கட்டிக் கொடுப்பது போன்றது. மூடியுள்ள தகர டிரம் சிரட்டைக்கும் காய்ந்த சுள்ளிக்கும் பொருந்தும், அதற்கு மேல் பயன்படாது.

இடம் எதுவாயினும் மரத்தின் குணம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சீமைக்கருவேலம் நின்று எரியும், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் பட்டையோடு போட்டால் எங்கள் வீட்டில் மூன்றாம் மாதமே மாவு கொட்டத் தொடங்கியது. பட்டையை உரித்துப் பிளந்து போட்டபோது அது வெகுவாகக் குறைந்தது. பட்டைக்கு அடியில் முட்டையிடும் வண்டுக்கு இடம் இல்லாமல் போகிறது, தேளுக்கும் பூரானுக்கும் ஒளிவிடம் போகிறது, விறகும் விரைவில் காய்கிறது. கோடாலி வேலை கூடுதல்தான், ஆனால் இத்தனை பயன் தரும் வேறொரு வேலையை நான் அறியேன். புளியில் வைரம் குறைவு, வெள்ளை மிகுதி. ஆகவே அதை ஓராண்டுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. வேம்பில் கசப்பு இருப்பதால் பூச்சி வராது என்று முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். தென்னை மட்டையையும் கதம்பையையும் (தேங்காய் உரித்த மட்டையையும்) வீட்டுக்குள் கொண்டுவராமலே இருப்பது உத்தமம். ஈரத்தை வாங்கிக்கொள்வதில் அவற்றுக்கு நிகரில்லை, அவற்றின் மடிப்புகள் பூரானுக்கென்றே அமைந்தவை.

கரையான் மருந்தை விறகின் மீதே தெளிப்பவர்களையும் பார்க்கிறேன். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: செய்யாதீர்கள். அந்த மருந்து அடுப்பில் எரிந்து புகையாக நம் நெஞ்சுக்குள் போகிறது, ஊதுகுழல் பிடித்து அடுப்பின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்குத்தான் அதில் பெரும்பங்கு. மருந்து தேவைப்பட்டால் அது தரைக்கும் அடித்தளத்துக்கும் உரியது, அதுவும் பழகிய ஆள் கையால்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று இடங்களுக்கும் வெவ்வேறு வேலை கொடுத்திருக்கிறோம். ஆண்டுக்கான இருப்பு முழுவதும் பட்டை உரித்துப் பிளந்து, சித்திரை வெயிலில் தட்டட்டியில் காய்ந்து, ஆனிக்கு முன் சாய்ப்புக்கு இறங்கிவிடுகிறது. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம். இடப்பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், மாவு கொட்டும் கட்டை கண்ணில் பட்டால் அதுவே அன்றைய வெந்நீருக்கு. அடுக்களைக்குள் வருவது இரண்டு நாளைக்கு வேண்டிய விறகு மட்டும்; அது தட்டிப் பார்த்த பிறகு, நான்கு காலுள்ள திறந்த இரும்புத் தட்டில், சுவரைத் தொடாமல் இருக்கும். வழவழப்பான இரும்புக் காலில் தேளால் எளிதில் ஏற முடியாது, அடியில் பெருக்கவும் முடிகிறது. பரணிலிருந்த விறகு முழுவதையும் சென்ற ஆண்டு இறக்கிவிட்டோம். உளுத்துப்போன மூங்கில்களை மாற்றி, அங்கே இப்போது பித்தளைப் பானைகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.