தாய்லாந்து ஓய்வுக்கால விசா: கட்டணம் 1,900 பாட், முடங்குவது எட்டு லட்சம்

50 வயது நிறைந்த வெளிநாட்டவர் ஓராண்டு தங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகலாம். தாய்லாந்து விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கு இவ்வளவுதான். "ரிடையர்மென்ட் விசா" என்று எல்லோரும் சொன்னாலும், பாஸ்போர்ட்டில் விழுவது தங்கல் நீட்டிப்பு முத்திரை. முதலில் 90 நாளுக்கான நான்-இமிகிரன்ட் ஓ (குடியேறாதோர்) விசா. அது முடியும் முன் கடைசி 30 நாளில் குடிவரவு அலுவலகத்தில் டி.எம்.7 படிவம் கொடுத்து ஓராண்டு நீட்டிப்பு. கட்டணம் 1,900 பாட். இவ்வளவு மலிவாக ஓராண்டு தங்க விடும் நாடுகள் குறைவு. ஆனால் உண்மையான விலை வங்கிக் கணக்கில் இருக்கிறது. விண்ணப்பங்கள் இடறி விழுவதும் பெரும்பாலும் பாஸ்புக்கில்தான்.

விண்ணப்பதாரர் பெயரில் மட்டும் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் வேண்டும். இன்றைய மதிப்பில் 20 லட்ச ரூபாய்க்கும் மேல். கூட்டுக் கணக்கு எடுபடாது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு மாதமும், நீட்டிப்புக் கிடைத்த பின் மூன்று மாதமும் அதில் ஒரு பாட் குறையக் கூடாது. மிச்ச மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2019-இல் வந்த விதி இது. ஆக, ஆண்டில் ஏழு மாதம் மட்டும் பாதித் தொகையைத் தொடலாம்; மறுபாதி நிரந்தர அடமானம். வாடகையும் மின்கட்டணமும் போகிற கணக்கிலேயே இதை வைப்பது வம்பு. ஆட்டோ டெபிட்டில் 300 பாட் கழிந்து இருப்பு 7,99,700 ஆனாலும் தவறு தவறுதான். தனிக் கணக்கு போட்டு, ஏ.டி.எம். கார்டே வாங்காமல் விடுவது நல்லது.

பாஸ்புக்கை மாதம் ஒருமுறை என்ட்ரி போடுங்கள். நெடுநாள் போடாமல் விட்டால் வங்கி பல வரிகளை ஒரே வரியாகச் சுருக்கி அச்சிட்டுவிடும். நடுவில் இருப்பு எவ்வளவு என்று அதிகாரிக்குத் தெரியாது. அப்போது 12 மாத ஸ்டேட்மென்ட் வாங்க அலைய வேண்டும். விண்ணப்பிக்கும் நாள் காலையில் சிறு தொகை ஒன்றைப் போட்டு, பாஸ்புக்கை அச்சிட்டு, அன்றைய தேதியிலேயே வங்கிக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கவுண்டரில் கேள்வி இருக்காது.

பணத்தை முடக்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி: மாதம் 65,000 பாட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், 12 மாதமும் விடாமல். சிக்கல் என்னவென்றால், சில இணையப் பணப்பரிமாற்றச் சேவைகள் கடைசிக் கட்டத்தில் உள்ளூர் வங்கி வழியாகப் போடும். பாஸ்புக்கில் அது உள்நாட்டு வரவாகத்தான் தெரியும், வெளிநாட்டு வரவாக ஏற்க மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து அனுப்புவோர் கவனிக்க: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டமான எல்.ஆர்.எஸ்.-இன் வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் என்பதால் அனுமதிக்குத் தடையில்லை. ஆனால் நிதியாண்டில் 10 லட்ச ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20% டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், அதுவரை கைப்பணம் மாட்டிக்கொள்ளும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி அனுப்பினால் பெரும்பகுதி தப்பும்.

ஓ விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் வந்தவரும் அங்கிருந்தபடியே ஓ விசாவுக்கு மாறலாம். கட்டணம் 2,000 பாட். விசா விலக்கில் (விசா எடுக்காமல்) வந்தவருக்கு டி.எம்.87 படிவம், சுற்றுலா விசாவில் வந்தவருக்கு டி.எம்.86. தங்க அனுமதியில் குறைந்தது 15 நாள் மிச்சமிருக்க வேண்டும். இதற்கு முந்தைய படியான வங்கிக் கணக்குதான் இப்போது பெரிய முட்டுக்கட்டை. சுற்றுலாப் பயணிக்குக் கணக்குத் திறக்க வங்கிகள் தயங்குகின்றன. ஒரு கிளை மறுத்தால் அடுத்த கிளைக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

மனைவிக்கோ கணவருக்கோ 50 ஆகவில்லை என்றால் கவலை வேண்டாம். ஒருவரின் எட்டு லட்சத்தைக் காட்டி மற்றவர் சார்ந்தோராக நீட்டிப்புப் பெறலாம். திருமணச் சான்றிதழுக்குத் தூதரகச் சான்றொப்பமும் தாய் மொழிபெயர்ப்பும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

வாங்கியபின் வரும் பராமரிப்பு வேலைகளும் உண்டு. 90 நாள் தொடர்ந்து தங்கினால் டி.எம்.47 முகவரி அறிக்கை. 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்தில் வீட்டுக்காரர் டி.எம்.30 என்னும் தங்கல் அறிவிப்பைப் பதிய வேண்டும். அந்த ரசீது இல்லாமல் பல அலுவலகங்களில் நீட்டிப்பு மனுவையே வாங்க மாட்டார்கள். வாடகை ஒப்பந்தம் போடும்போதே இதைப் பேசிவிடுங்கள். எல்லாவற்றிலும் கொடுமையானது ரீ-என்ட்ரி பர்மிட் (வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி): அது இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் நீட்டிப்பு அங்கேயே செத்துப்போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. வேலை செய்ய அனுமதி கிடையாது, சம்பளமில்லாத தொண்டு வேலையும் சேர்த்து. ஆண்டில் 180 நாள் தங்கினால் வரி வதிவாளர், அதாவது வரிக்கு நீங்களும் அந்நாட்டுவாசி. 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் வரும்.

மற்ற ரகங்கள்? ஓ-ஏ விசாவைச் சொந்த நாட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்கும். ஓ வழி நீட்டிப்புக்குக் காப்பீடு கட்டாயமில்லை. பத்தாண்டு ஓ-எக்ஸ் 14 நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு மட்டும். இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உண்டு. 2022-இல் வந்த எல்.டி.ஆர். (நீண்டகால வதிவாளர்) விசாவுக்கு 50,000 பாட் கட்டணம். ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வூதியமோ வாடகை, வட்டி போன்ற வருமானமோ இருப்பவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம், அதையே எடுக்கலாம்.

"பணமே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் ஏஜென்டுகள் பட்டாயாவிலும் பாங்காக்கிலும் நிறைய. எட்டு லட்சத்தைச் சில நாள் உங்கள் கணக்கில் போட்டு, முத்திரை விழுந்ததும் எடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் இருந்ததற்கான தடம் பாஸ்புக்கில் இருக்காது. அடுத்த ஆண்டு நேர்வழியில் நீங்களே போனால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள், ஆகவே மறுபடி அதே ஏஜென்டிடம்தான் போக வேண்டியிருக்கும். வரிசையில் நிற்கவும் படிவம் நிரப்பவும் மட்டும் ஆள் வைத்துக்கொள்வது வேறு. உங்கள் பணம் உங்கள் கணக்கில் இருக்கும்வரை அதில் குற்றமில்லை.