மெசேஜ் போய்ச் சேர்ந்ததா? ஜிரா, ஜோஹோ புராஜெக்ட்ஸ், ஓப்பன்புராஜெக்ட்: பனியன் கம்பெனிக்கு எது ஒத்துவரும்

திருப்பூரில் ஒரு ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னமும் போன்தான். காலை பத்து மணிக்குள் நிட்டிங்குக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு இரண்டு, துணியைச் சுருங்காதபடி சீராக்கும் காம்பாக்டிங்குக்கு ஒன்று என, ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பேசித் தீர்த்திருப்பார். ஆர்டர்களைத் திட்ட மேலாண்மை மென்பொருளில் ஏற்றிவிட்ட கம்பெனிகளிலும் இந்தப் போன் குறைவதில்லை. நூல் இறங்கியது மென்பொருளுக்குத் தெரியும். நிட்டிங் யூனிட்காரருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அந்த இடத்தில்தான் தானியங்கி வெப் ரிக்வெஸ்ட் வேலை செய்கிறது. டாஸ்க்கின் நிலை மாறிய உடனே மென்பொருளே வேறொரு முகவரிக்குத் தகவலைத் தள்ளிவிடும். அங்கிருந்து அது வாட்ஸ்அப்பாகவோ எஸ்எம்எஸ்ஸாகவோ உரியவர் கைக்குப் போகும். வெப்ஹுக் என்று சொல்வதும் இதைத்தான்.

கோவை, திருப்பூர், கரூர் பக்கம் இதை அமைத்துக் கொடுப்பது என் வேலை. போகிற இடத்திலெல்லாம் ஜிரா, ஜோஹோ புராஜெக்ட்ஸ், ஓப்பன்புராஜெக்ட் என்ற மூன்று திட்ட மேலாண்மை மென்பொருளில் "எதுங்க நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். தகவலை அனுப்புவதில் பெரிய வித்தியாசம் கிடையாது, எல்லாமே அனுப்பும். அனுப்பியது போய்ச் சேராத நாளில் அது யாருக்கு, எவ்வளவு சீக்கிரம் தெரியவருகிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம் இருக்கிறது.

பட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்கு அமைத்துக் கொடுத்து இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, மூணு நாளா மெசேஜே வரலீங்களே, ஆர்டர் ஏதும் இல்லீங்களா?" ஆர்டர் இருந்தது. புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் குறிப்பில் 30" டயா, 24 கேஜ் என்று எழுதியிருந்தார். அங்குலத்துக்காக அவர் போட்ட அந்த இரட்டைக் கோடுதான் ஜேசனில் (மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) ஒரு சொற்றொடர் முடிந்ததற்கான அடையாளம். நான் குறிப்பை அப்படியே எடுத்து ஜேசனுக்குள் ஒட்டும்படி அமைத்திருந்தேன். வாங்கும் பக்கம் அதைப் படிக்க முடியாமல் 400 (அனுப்பியது தவறு) என்று பதில் சொல்லித் திருப்பிவிட்டது. அந்தப் பதில் ஒரு பதிவேட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது, திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. மூன்று நாள் மெஷின் சும்மா நின்றதற்கு நான்தான் காரணம். அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் இரண்டு விஷயம் கவனிக்கிறேன்: இரட்டைக் கோட்டை எப்படிக் கையாளுகிறது, தோற்றுப்போனால் யாரைக் கூப்பிடுகிறது.

ஜிராவில் ஆட்டோமேஷன் பகுதிக்குள் 'செண்ட் வெப் ரிக்வெஸ்ட்' என்று தனியாகவே ஒரு செயல் உண்டு. முகவரி, ஹெட்டர் (மேல்குறிப்பு), தகவலைத் தருவதா (போஸ்ட்) கேட்டு வாங்குவதா (கெட்) என்பது, உள்ளே வைக்கும் தகவல் என எல்லாம் ஒரே பக்கத்தில் நிரப்பிவிடலாம். டாஸ்க் எண், பார்ட்டி பெயர் போன்றவற்றை ஸ்மார்ட் வேல்யூவாக வளைவு அடைப்புக்குள் எழுதினால் அந்தந்த டாஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆள் தட்டச்சு செய்யும் எந்தப் புலமாக இருந்தாலும் அதோடு ஜேசன் என்கோட் என்ற செயற்கூறைச் சேர்த்துவிடுங்கள். இரட்டைக் கோடு, வரி முறிவு எதுவும் அப்புறம் தொல்லை செய்யாது. நீங்களாகச் சேர்த்தால்தான் உண்டு, அது தானாகச் செய்யாது. விதியை ஓடவிடும் முன்பே ஒரு டாஸ்க் எண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்தால், வந்த பதிலின் எண்ணைப் பார்த்து அடுத்த செயலை முடிவு செய்யலாம். 200 வந்தால் 'தகவல் போனது' என்று குறிக்கலாம், வராவிட்டால் மெர்ச்சண்டைசருக்கு மெயில் போட்டுவிடலாம். எனக்கு ஜிராவில் மிகவும் பிடித்தது இந்தப் பெட்டிதான்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விதி தோற்றால் அதன் உரிமையாளருக்கு ஒரு மெயில் போகும். இங்கேதான் கவனம் வேண்டும். உரிமையாளர் என்பது பெரும்பாலும் விதியை அமைத்தவர், அதாவது என்னைப் போல வெளியாள், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போன பையன். வேலையை ஒப்படைக்கும் நாளிலேயே கம்பெனியில் தினமும் மெயில் பார்க்கிற ஒருவர் பெயருக்கு அதை மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, விதி எத்தனை முறை ஓடலாம் என்பதற்கு மாத வரம்பு உண்டு. 2023 இறுதியில் கொண்டுவந்த கணக்குப்படி இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100, ஸ்டாண்டர்டில் 1700. ஒரு ஆர்டர் எட்டு நிலை மாறுகிறது, மாதம் நாற்பது ஆர்டர் என்றால் 320 ஆயிற்று. இலவசத் திட்டம் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும்.

ஜோஹோ புராஜெக்ட்ஸில் வேலை வொர்க்ஃப்ளோ விதிகளில் நடக்கிறது. 'நிலை இதுவானால்' என்று நிபந்தனை வைத்து, அதன்கீழ் வெப்ஹுக்கைக் கட்டலாம், இல்லையென்றால் ஜோஹோவின் டெலூஜ் மொழியில் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதலாம். நான் ஃபங்ஷன் பக்கம்தான் போவேன். டெலூஜில் ஒரு மேப் (பெயரும் மதிப்புமாகத் தகவல் வைக்கும் பட்டியல்) எடுத்து அதில் தகவலை ஒவ்வொன்றாகப் போட்டால் ஜேசனை அதுவே கட்டிக்கொள்ளும். 30" டயா என்று எழுதினாலும், அதற்குக் கீழே நாலு வரி சேர்த்தாலும் உடையாது. இன்வோக் யூஆர்எல் என்ற கட்டளையில் விரிவான பதில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் பதில் எண்ணும் கையில் வரும், அதை வைத்து அந்த டாஸ்க்கிலேயே ஒரு கமெண்ட் எழுத வைக்கலாம். 'மெசேஜ் போகவில்லை, 401' என்று டாஸ்க்கிலேயே தெரியும்போது பதிவேடு எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை. மெர்ச்சண்டைசர் கண் எப்படியும் டாஸ்க்கின் மேல்தானே இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். இந்தியாவில் கணக்குத் தொடங்கியவர்களின் தரவு டாட் இன் பக்கம் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவும் டாட் காம் முகவரியோடு வரும். அப்படியே ஒட்டினால் டோக்கன் (அனுமதிச் சாவி) செல்லாது என்று பதில் வரும், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதோடு நாலு வரியானாலும் நிரல் நிரல்தான். அதைத் திருத்தத் தெரிந்த ஒரு ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

ஓப்பன்புராஜெக்ட் திறந்த மூலம். சொந்த சர்வரில், ஆபீஸ் மூலையில் யூபிஎஸ்ஸோடு ஓடும் ஒரு கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். வெப்ஹுக்கை நிர்வாகப் பக்கத்தில் அமைக்க வேண்டும். எந்தப் புராஜெக்ட், எந்த நிகழ்வு, எந்த முகவரி என்பதோடு அமைப்பு முடிந்தது. எதை அனுப்புவது என்று நாம் வடிவமைக்க முடியாது, டாஸ்க்கின் முழு விவரமும் அது வகுத்த ஜேசனில் போகும். அதனால் இரட்டைக் கோட்டுத் தொல்லை கிடையாது. ஆனால் 'சாயத்துக்குப் போனபோது மட்டும்' என்று நிபந்தனையும் வைக்க முடியாது. யாராவது ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் தகவல் கிளம்பிவிடும், வாங்கும் பக்கம் நாம்தான் சலித்து எடுக்க வேண்டும். ஒருவர் அடுத்தடுத்துச் செய்யும் மாற்றங்களைச் சேர்த்து ஒன்றாக்கி அனுப்புவதால், அமைப்பை மாற்றாதவரை ஐந்து நிமிடம்போலத் தாமதமும் ஆகும். பழுதென்று நினைத்துப் பதறுவார்கள், பழுதில்லை. ரகசியச் சாவி கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தகவலும் கையொப்பத்தோடு போகும். அண்மையில் போனவை எவை, என்ன பதில் வந்தது என்ற பட்டியலும் அதே பக்கத்தில் கிடைக்கும். பட்டியலை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இத்தனை இருந்தும் சில கம்பெனிகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். காரணம் டேலி என்ற கணக்கு மென்பொருள். டேலி ஆபீஸ் கம்ப்யூட்டரில் 9000 என்ற போர்ட்டில் (தகவல் நுழையும் வாசல் எண்) எக்ஸ்எம்எல் (ஜேசன் போல இன்னொரு வடிவம்) வாங்கிக்கொள்ளும். மேகத்தில் இருக்கும் ஜிரா அந்த வாசலுக்கு வரவே முடியாது. குறிப்பிட்ட சில போர்ட்டுகளுக்கு மட்டும்தான் அது அனுப்பும். 443, 8080, 8443 எல்லாம் அதில் உண்டு, 9000 இல்லை. வழி இருந்தாலும் டேலியின் கதவை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. ஓப்பன்புராஜெக்ட் அதே ஆபீஸுக்குள் இருப்பதால், நடுவில் ஜேசனை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஒரு சின்ன நிரல் போதும். அனுப்பிய துணியின் கணக்கு அன்றைக்கே டேலியில் ஏறிவிடும், எதுவும் வெளியே போகத் தேவையில்லை.

இதே வகை மென்பொருளான ட்ரெல்லோ, நோஷன் பற்றியும் கேட்கிறார்கள். நோஷனில் வெப்ஹுக் கட்டணத் திட்டத்தில்தான், அதுவும் போஸ்ட் மட்டும். ட்ரெல்லோவில் நிரல் வழியாகப் பதிவு செய்யும் வெப்ஹுக் 200 வராவிட்டால் 30, 60, 120 வினாடி இடைவெளியில் மூன்று முறை தானாகத் திரும்ப முயலும். கரண்ட் போய் வருகிற ஊருக்கு இது நல்ல குணம். ஆனால் நிலைகள் அதிகமான பனியன் ஆர்டருக்கு ட்ரெல்லோ பலகை பத்தாது.

எதை எடுத்தாலும் 200 என்ற எண்ணை முழுசாக நம்பிவிடக் கூடாது. எஸ்எம்எஸ் சேவைக்காரர் 200 சொன்னால் 'வாங்கிக்கொண்டேன்' என்றுதான் பொருள். டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் தளம்) பதிவு செய்த வாசகத்துக்கும் நாம் அனுப்பியதற்கும் பொருத்தம் இல்லாவிட்டால் மெசேஜ் அப்புறம் வழியிலேயே நின்றுவிடும். தமிழில் அனுப்பினால் 160 எழுத்துக்குப் பதில் 70-க்கே ஒரு எஸ்எம்எஸ் முடிந்துவிடும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் முதல் பதில் வாங்கியதற்குத்தான், சேர்ந்தது, படித்தது என்பவை தனி வெப்ஹுக்காகப் பின்னால் வரும். அதைத் திரும்ப டாஸ்க்கில் ஏற்ற ஜிராவில் உள்வரும் வெப்ஹுக்குக்கென்றே ஒரு தூண்டுதல் இருக்கிறது. ஓப்பன்புராஜெக்டில் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகப் பேசும் இணைப்பு) வழியாக ஏற்றலாம். அதற்கு டாஸ்க்கின் அப்போதைய பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மாற்றத்தை ஏற்காது.

நிரல் எழுத ஆளே இல்லாத கம்பெனிக்கு நான் ஜிராவைத்தான் சொல்வேன், காசு கட்டும் திட்டத்தோடு. நாலு வரி எழுதத் தெரிந்த ஒரு பையன் இருந்தால் ஜோஹோ. தோல்வி டாஸ்க்கிலேயே தெரிவதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. டேலியோடு கட்டியே ஆக வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு என்றால் ஓப்பன்புராஜெக்ட்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். முகவரியில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, ஒரு ஆர்டரைச் சாயத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்ததும் மெர்ச்சண்டைசரிடம் கேளுங்கள்: "அம்மணி, அந்த மெசேஜ் போயிடுச்சுங்களா?"