விங்ஸ் ஆஃப் குளோரி: உயர விதியோடு ஆடுவதா, இல்லாமலா?

முதல் உலகப் போர் விமானங்களை மேசையில் மோதவிடும் இந்த ஆட்டத்தில் பலரும் தயங்குவது உயர விதியில்தான்: ஒவ்வொரு விமானமும் எந்த மட்டத்தில் பறக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் விருப்ப விதி இது.

சுடுதல்: அடிப்படை விதியில் அளவுகோல்தான் எல்லாம். அதன் பாதி நீளத்துக்குள் எதிரி இருந்தால் அவர் இரண்டு சேத அட்டைகள் (எவ்வளவு அடி என்று சொல்பவை) எடுக்க வேண்டும்; பாதியைத் தாண்டி, அளவுகோல் எட்டும் தூரத்துக்குள் இருந்தால் ஒன்று. உயரம் சேர்ந்தால், ஒரு படி மேலே இருப்பவரை மிக நெருங்கித்தான் சுட முடியும்.

மோதல்: அடிப்படையில் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஒருவரையொருவர் சுட முடியாது, அவ்வளவே. உயரத்தோடு ஆடும்போது ஒரே மட்டத்தில் படிந்தால் இருவருக்கும் சேதம்.

நேரம்: உயரம் ஆட்டத்தை நீட்டும். ஆனால் விரைந்து மேலேறும் ஃபாக்கர் மூன்றடுக்கு இறக்கை விமானத்தின் பெருமை, உயரமில்லாத மேசையில் பாதி வீண்!

புதியவர்களுக்கு அடிப்படை போதும். இருவர் மட்டும் மாலை முழுக்க ஆடுவதென்றால் உயரத்தைச் சேருங்கள். ஆறு விமானங்கள் பறந்தால் வேண்டாம்.