அப்கிரேடில் பேக்கேஜ் மோதல்: ஆப்ட்டா, ஆப்டிட்யூடா, புதிதாகவே போட்டுவிடலாமா?

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் மூன்று மெஷின்கள், மூன்றிலும் டெபியன் 11 (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்). ஆவணி முகூர்த்த ஆர்டர் குவிவதற்குள் 12-க்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார் கடைக்கார அண்ணன். மூன்றுமே பேக்கேஜ் மோதலில், அதாவது ஒரு மென்பொருள் கேட்பது இன்னொன்றோடு ஒத்துவராத நிலையில், வந்து நின்றன, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வழியில்தான் சரிசெய்ய முடிந்தது.

என் முதல் தேர்வு இன்றைக்கும் டெபியனில் மென்பொருள் நிறுவும் கட்டளையான ஆப்ட்தான். டெபியன்காரர்களே சொல்வதுபோல, முதலில் புதுப் பேக்கேஜ் எதையும் சேர்க்காத சின்ன அப்கிரேட், அப்புறம் தேவையானதைச் சேர்த்தும் நீக்கியும் எல்லாவற்றையும் ஏற்றும் ஃபுல்-அப்கிரேட். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று பட்டியல் காட்டிவிட்டுத்தான் ஆமாவா இல்லையா என்று கேட்கும், அந்தப் பட்டியலைப் படிக்காமல் என்டரைத் தட்டுபவர்கள்தான் டெஸ்க்டாப்பையே இழக்கிறார்கள். ஆனால் சிக்கிக்கொண்டால் இது சரியாக விளக்காது. உடைந்த பேக்கேஜை நீங்களே பிடித்து வைத்திருப்பதாக ஒரு செய்தி வரும், பிடித்து வைத்தவற்றைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஏதோ ஒரு பேக்கேஜ் கேட்கிற வெர்ஷன் எந்த ரெப்போவிலும் (மென்பொருள் கிடங்கிலும்) கிடைக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அப்போது ஆப்ட்-கேஷ் பாலிசியோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்: 100 என்ற எண்ணோடு டிபிகேஜி (ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் நிறுவி) ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் தெரிந்தால், நிறுவியிருக்கும் வெர்ஷன் இப்போதுள்ள எந்த ரெப்போவிலும் இல்லை. எங்களுக்கு அகப்பட்டது தனியாக வாங்கிப் போட்ட பில்லிங் பேக்கேஜ். பைத்தான் 3.9-ஐத் தாண்டக் கூடாது என்று அது அடம்பிடித்தது, டெபியன் 12-இலோ 3.11. அதை நீக்கியதும் மற்றதெல்லாம் தடையில்லாமல் ஏறிவிட்டது.

இரண்டாவது மெஷினில் வெளி ரெப்போவிலிருந்து வந்த வீடியோ லைப்ரரிகள், டெபியனில் இருப்பதைவிட உயர்ந்த வெர்ஷன். ஆப்ட் தானாக வெர்ஷனைக் கீழே இறக்காது. ஆப்ட் போலவே இன்னொரு நிறுவும் கருவியான ஆப்டிட்யூட் இறக்குவதையும் ஒரு தீர்வாகச் சொல்லும், பிடிக்கவில்லை என்றால் 'என்' அழுத்தினால் அடுத்ததைக் காட்டும். பொறுமை வேண்டும், முதலில் அது சொல்வது பெரும்பாலும் "எல்லாம் பழையபடியே இருக்கட்டும்" என்பதுதான். எனக்கு நான்காவது யோசனைதான் கைகொடுத்தது.

தடையை மீறி வலுக்கட்டாயமாக நிறுவும் டிபிகேஜி ஃபோர்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். மூன்றாவது மெஷினில் யாரோ முன்பு அப்படிச் செய்திருந்ததால், அதற்குப்பின் எதை நிறுவப் போனாலும் ஆப்ட் மறுத்தது. அதற்குப் புதிதாகப் போடுவதே மேல் என்று முடிவெடுத்தேன், ஹோம் (நம் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) தனிப் பார்ட்டிஷனில் இருந்ததால் பத்திரிகை டிசைன்கள் தப்பின. ஆனால் ஃபாண்ட்கள்? பாமினி மாதிரியான பழைய தமிழ் ஃபாண்ட்கள் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் கிடந்தன, அது சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன், ஃபார்மேட் செய்தால் போய்விடும், அவை இல்லாமல் பழைய டிசைனைத் திறந்தால் தமிழ் இருக்கும் இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நல்லவேளை, ஃபார்மேட்டுக்கு முன்பே அந்த ஃபோல்டரையும் செட்டிங் கோப்புகள் இருக்கும் ஈடிசியையும் நாமே நிறுவியவை எவை என்று ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் தரும் பட்டியலையும் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் மூன்றையும் எடுத்துக்கொண்டே தொடங்குங்கள், எந்த வழியில் போவதானாலும் சரி.