தண்ணில முங்காம தப்பிக்க, முங்குறவங்கள காப்பாத்த ரெண்டு நாள் கோர்ஸ் - போய்ட்டு வந்த அனுபவம் (5க்கு 4)

போன மாசம் சனி ஞாயிறு ரெண்டு நாளும் நானும் ஒன்பதாவது படிக்கிற என் பையனும் இந்த கோர்ஸுக்கு போனோம், ஆளுக்கு 1500 ரூபாய். எங்களுக்கு ஊர் திருச்சி, அம்மா வீட்ல இருந்து காவிரி நடந்து போற தூரம்தான், லீவு விட்டா பையன் ஆத்துலயே கிடப்பான், அந்த பயத்துலதான் சேர்ந்தேன்.

நீச்சல் சொல்லித் தருவாங்கன்னு நெனச்சுதான் போனேன், ஆனா முதல் நாள் காலைல முழுக்க தண்ணிக்குள்ளயே விடல. கரைல இருந்தே காப்பாத்துறது எப்படின்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. மூச்சு திணறி தவிக்கிறவங்க கைல எது கிடைச்சாலும் ஏறி அமுக்கிடுவாங்க, அதனாலதான் நம்ம பக்கம் ஒருத்தரை காப்பாத்தப் போய் அண்ணன் தம்பி ரெண்டு பேருமே போய்ட்டாங்கன்னு கேள்விப்படுறோம். மொதல்ல கம்பு நீட்டு, எட்டலனா கயிறு வீசு, இல்லனா மூடி போட்ட காலி தண்ணி கேன், பிளாஸ்டிக் குடம் எதையாவது தூக்கிப் போடு, குதிக்கிறது பயிற்சி எடுத்தவங்க வேலை. வேட்டிய முறுக்கி வீசுறதையும் செஞ்சு காட்டினாங்க, நனைச்சுட்டு வீசினா இன்னும் தூரம் போகுது. குப்புறப் படுத்துக்கிட்டுதான் நீட்டணும், நின்னுக்கிட்டு நீட்டினா அவங்க இழுக்குற இழுப்புல நம்மளும் உள்ள போய்டுவோம்.

எனக்கு தூக்கிவாரிப் போட்டது இதுதான். முங்குறவங்க கத்த மாட்டாங்களாம். வாய் தண்ணி மட்டத்துல ஏறி இறங்கிட்டே இருக்கும், மூச்சு விடவே நேரம் பத்தாது, கை ரெண்டும் தண்ணிய கீழ அமுக்கிட்டே இருக்கும், உதவிக்குன்னு ஆட்டவும் முடியாது. விளையாடிட்டு இருந்த புள்ள திடீர்னு சத்தமில்லாம ஆனாதான் ஓடணும். எத்தனை தடவை படித்துறைல உக்காந்து பேசிக்கிட்டே, "சத்தம் கேட்டா பாத்துக்கலாம்"னு நான் இருந்திருக்கேன்னு நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

மத்தியானம் சுடிதாரோட குளத்துல இறக்கி மிதக்க சொன்னாங்க, துணி ஊறினதும் என்னா கனம்! அதுக்கு மல்லாந்து படுத்து காதை நனைய விட்டு உடம்ப தளர விட சொன்னாங்க, மூணாவது தடவைல எனக்கு வந்துடுச்சு. ஆத்துல இழுத்தா எதிர்த்து நீந்தாம மல்லாந்து, காலை தண்ணி போற பக்கம் நீட்டி, சாய்வா கரைக்கு ஒதுங்கணும். மணல் அள்ளின பள்ளத்த பத்தி மாஸ்டர் ரொம்ப நேரம் பேசினாரு, முட்டளவு தண்ணில நடந்துட்டு இருக்கும்போதே அடுத்த எட்டுல ஆள் உயரம் இருக்கும், போன வருஷம் குளிச்ச எடம்தானேன்னு இந்த வருஷம் நம்பி இறங்கக் கூடாதுன்னாரு. மேட்டூர் தொறந்து தண்ணி வந்தப்புறம் ஆடிப் பதினெட்டுக்கு கூட்டமா இறங்குற எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் இத கேக்க வைக்கணும்.

ரெண்டாவது நாள் சிபிஆர், அதாவது மூச்சு நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கி, வாயால மூச்சு குடுக்குற முதலுதவி. தண்ணிலருந்து தூக்கினவங்கள தலைகீழா புடிச்சு வயித்த அமுக்குறது வேண்டவே வேண்டாம், நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லனா ஒருத்தர் 108க்கு போன் போடணும், இன்னொருத்தர் வாயோட வாய் வச்சு மூச்சு குடுத்துட்டு, நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, திரும்ப 2 மூச்சுன்னு விடாம பண்ணணும், பெரியவங்களுக்கு 5 செ.மீ. இறங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100லருந்து 120 வேகம். ரெண்டு நிமிஷத்துலயே எனக்கு தோள் விட்டுப் போச்சு.

ஒரு ஸ்டார் குறைச்சது இங்கதான். இருபத்தி ரெண்டு பேருக்கு அமுக்கிப் பழக ஒரே ஒரு டம்மி பொம்மை. எனக்கு மொத்தமா நாலு நிமிஷம்தான் கிடைச்சது, கை பழகவே இல்ல. கொழந்தைங்க சைஸ் டம்மியும் இல்ல, வாயாலயே சொல்லி முடிச்சுட்டாங்க, வந்ததுல பாதிப் பேர் அம்மாங்கன்னு தெரிஞ்சும். பொம்பளைங்க துணி மாத்த ஒரே ரூம், அதுக்கும் தாழ்ப்பாள் சரியில்ல. சொன்னேன், அடுத்த பேட்ச்க்குள்ள சரி பண்றோம்னாங்க.

இத முடிச்சா லைஃப்கார்ட் வேலை கிடைக்குமான்னு ஒரு தம்பி கேட்டாப்ல, அதுக்கு தனி பயிற்சி, நீச்சல் டெஸ்ட் எல்லாம் இருக்கு, இது வீட்டாளுங்களுக்கானதுன்னு மாஸ்டர் நேராவே சொல்லிட்டாரு, அந்த நேர்மை புடிச்சது.

ஊருக்கு போனதும் பையன் மொத வேலையா அம்மா வீட்டு கிணத்தடில ஒரு கயிறும் மூடி போட்ட கேனும் கட்டித் தொங்க விட்டான். தண்ணி இறைக்க அத எடுக்கக் கூடாதுன்னு பாட்டிகிட்ட சத்தியமே வாங்கிட்டான்.