சாபக் கவசம்: பைண்டிங்கா, வானிஷிங்கா?

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில், பொருள்கள் மேல் ஏற்றும் மந்திரங்களில் சாபம் இரண்டே இரண்டுதான். பைண்டிங் ஏறிய கவசத்தை மாட்டினால் கழற்ற முடியாது. வானிஷிங் ஏறியது, நாம் செத்ததும் காணாமல் போகும். கொன்றவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. சேலம் பசங்க கூடி ஆடுகிற சண்டை சர்வருக்கு என் ஓட்டு வானிஷிங்குக்கே.

காரணம் பராமரிப்பு. டைமண்ட் மார்க்கவசத்தின் ஆயுள் 528. பைண்டிங் இருந்தால் அதைக் கழற்றி அன்வில்லில் (பட்டறைக்கல்) வைத்துப் பழுதுபார்க்க வழியில்லை. பழுதை ஆற்றும் மெண்டிங் மந்திரம் மட்டுமே கதி, ஒரு எக்ஸ்பிக்கு (அனுபவப் புள்ளி) ஆயுள் 2 புள்ளி ஏறும். அதுவும் இல்லையென்றால் கவசம் உடையும்வரை, இல்லை நாம் சாகும்வரை அதுதான் உடம்பில். மார்பில் எலிட்ரா இறக்கைக்கும் இடமில்லை, பறப்பதை மறந்துவிட வேண்டியதுதான். சர்வரில் கீப் இன்வென்டரி (செத்தாலும் பொருள் கீழே விழாத அமைப்பு) போட்டிருந்தால் செத்தாலும் விடாது. டிஸ்பென்சரில் (பொருளை வெளியே தள்ளும் பெட்டி) பைண்டிங் பூசணியை வைத்து நண்பன் தலையில் மாட்டிவிட வேண்டுமானால் சரி, மற்றபடி வேண்டாம்.

இரண்டு சாபமும் மந்திரம் ஏற்றும் என்சான்டிங் டேபிளில் கிடைக்காது, புத்தகமாக வாங்கலாம். வேலையில்லாத கிராமத்தான் பக்கத்தில் லெக்டர்ன் (புத்தக மேடை) வையுங்கள், மந்திரப் புத்தகம் விற்கும் லைப்ரரியன் ஆவான். வானிஷிங் அல்லாத வேறு புத்தகம் காட்டினால், அவனிடம் எதுவும் வாங்குவதற்கு முன்பே லெக்டர்னை உடைத்துத் திரும்ப வையுங்கள். சாபப் புத்தகத்தின் விலை 10 முதல் 38 எமரால்டு (விளையாட்டில் காசு மாதிரி), கூடவே ஒரு வெறும் புத்தகம்.

அன்வில்லில் வரிசைதான் முக்கியம். புதுக் கவசத்தில் முதலில் அடியைக் குறைக்கும் புரொடெக்‌ஷன் 4 புத்தகம் (செலவு 4 எக்ஸ்பி லெவல்). தனியாக, வானிஷிங் புத்தகத்தை இடப்பக்கம், மெண்டிங்கை வலப்பக்கம் வைத்துச் சேருங்கள் (2 லெவல்). பிறகு அதைக் கவசத்தில் ஏற்றினால் 8. மொத்தம் 14. ஒவ்வொன்றாக ஏற்றினாலும் அதே 14தான் ஆகும், ஆனால் அடுத்த அன்வில் வேலைக்கு 3 லெவல் கூடுவதற்குப் பதில் 7 கூடும். ஒரே வேலைக்கு 40 லெவல் வந்துவிட்டால் அன்வில் மறுத்துவிடும். தப்பான கவசத்தில் ஏற்றிவிட்டால் மந்திரம் நீக்கும் கிரைண்ட்ஸ்டோனும் (சாணைக்கல்) உதவாது: நல்லதை எல்லாம் உருவிவிட்டு சாபத்தை மட்டும் விட்டுவைக்கும்.

டைமண்டுக்கும் மேலான நெதரைட் கவசத்தில் வானிஷிங் போடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. லாவாவில் விழுந்தாலும் எரியாமல் மிதக்கும் என்பதுதானே அதன் பெருமை? சாபம் அதைச் சாம்பலாக்கிவிடுகிறது. டைமண்டோடு நிறுத்துங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஆடுபவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். இடி மழையில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் சர்வர் உடனே வெளியே தள்ளாது. அரை நிமிடம் வரைக்கும் உங்கள் ஆள் அங்கேயே நின்று அடி வாங்குவான். சாபமில்லாத கவசம் என்றால் கீழே கிடப்பதைக் கூட்டாளி 5 நிமிடத்துக்குள் பொறுக்கித் தருவான். அங்கே இருக்கிறவர்கள் மழைக்காலத்துக்கு சாபமில்லாத ஒரு செட்டையும் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.