ஃபால்கனா, சார்ஜரா? விலை சொல்லும் கணக்கு வேறு

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் பழைய மஸில் கார்களிடம் (பெரிய எஞ்சினும் அசுர வேகமும் கொண்ட வண்டிகள்) அந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

1971-இல் வந்த ஃபோர்டு ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3 மொத்தம் 300தான். 1972-இல் கிரைஸ்லர் விட்ட வேலியன்ட் சார்ஜர் ஈ49 அதிலும் பாதி, 149தான். ஆனால் ஃபேஸ் 3 ஒன்று 2018-இல் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது (ஒரு காலத்தில் அது ஜெஃப் தாம்சனிடம் இருந்த வண்டி, ஆமாம், அந்த வேகப்பந்து வீச்சாளரேதான்), 2021-இல் இன்னொன்று 11.5 லட்சம் வரை போனது. புதிதாக வந்தபோது 5,000 டாலருக்குச் சற்று மேல் கொடுத்தால் கிடைத்த வண்டி இது! ஈ49 அந்த உயரத்துக்குக் கிட்டேயே வருவதில்லை.

ஈ49 மட்டமான வண்டியா என்றால், இல்லவே இல்லை. ஆறே சிலிண்டர், மூன்று வெபர் கார்புரேட்டர், 302 குதிரைத்திறன், நான்கு கியர். கால் மைலை 14.4 விநாடியில் முடிக்கும், அதாவது வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வைத்த ஃபால்கனுக்குச் சளைத்ததே அல்ல. அதற்கு இல்லாதது ஆஸ்திரேலியாவின் பெரிய கார் பந்தயமான பாதர்ஸ்டில் வெற்றிதான். ஃபேஸ் 3-ஐ வைத்து ஆலன் மொஃபாட் 1971-இல் அங்கே ஜெயித்தார், மறுவருடம் ஈ49 வந்து நின்றபோது மழையில் பீட்டர் பிராக்கின் ஹோல்டன் டொரானா எக்ஸ்யூ-1 கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது, அதுவும் ஆறு சிலிண்டர் வண்டிதான் என்பதால் சார்ஜர்காரர்களுக்கு இன்னும் ஆறாத எரிச்சல். அப்புறம், ஊரே ஃபோர்டு, ஹோல்டன் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தபோது மூன்றாவது கட்சிக்காரனுக்கு எவ்வளவு ஓட்டு விழும்?

ஃபேஸ் 3-க்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. 1972-இல் மணிக்கு 160 மைல் வேக வண்டிகள் தெருவுக்கு வரப்போகின்றன என்று சிட்னி பத்திரிகை ஒன்று கிளப்பிய பீதியில் அடுத்த ஃபேஸ் 4 திட்டமே நின்றுபோனது. அதனால் ஜிடி-எச்ஓ வரிசையில் கடைசியாக முழுமையாக விற்பனைக்கு வந்தது இதுதான் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

விலையில் ஹோல்டனின் டொரானா ஏ9எக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1979-இல் பிராக்கும் ஜிம் ரிச்சர்ட்ஸும் ஆறு சுற்று முன்னிலையில் பாதர்ஸ்டை ஜெயித்த வண்டி, அதிலும் ஹேட்ச்பேக்குக்குத்தான் செடானைவிட மவுசு.

ஓட்டுவதற்கென்று கேட்டால் நான் ஈ49 பக்கம்தான், முதலீடாகப் பார்ப்பவர்கள் ஃபேஸ் 3 பக்கம் போகட்டும். ஆனால் சாதாரண ஃபால்கன் ஜிடியை எச்ஓவாக மாற்றி விற்பது பழைய தந்திரம். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆலையில் பதிந்தவைதானா என்று அந்த மாடலையே கரைத்துக் குடித்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு ஏலத்தில் கையைத் தூக்குங்கள். பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து அல்ல.